நாவாத்ல் ஆட்பெயர்க் குறிகள்: பக்கக்குறிப்பை மூடிவைத்துப் படிக்கும் முறை

வெண்பனை எழுதியது:

நாவாத்ல், அஸ்டெக் உள்ளிட்ட மெக்சிகோ மக்களின் மொழி. அதன் ஆட்பெயர்களைப் படக்குறிகளால் எழுதிய வெஷோட்ஸின்கோ ஊரின் குடிக்கணக்கு ஏடு (1560, பாரிஸ் தேசிய நூலகத்தில் மெக்சிகன் 387) அந்த நூலகத்தின் காலிகா இணையதளத்தில் முழுதாகக் கிடைக்கிறது. வரி கட்டும் ஆண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு தலை, தலையை ஒட்டி ஒரு பெயர்க்குறி, அருகே லத்தீன் எழுத்தில் பெயர் (இதுதான் பக்கக்குறிப்பு). முயல், கழுகு, பாம்பு மாதிரித் தனி உருவங்கள் உடனே பிடிபடுகின்றன. மூன்று இடத்தில் முட்டுகிறது.

ஒன்று: வட்டக் கேடயமும் வாளும் போட்டிருக்கிறது, பக்கத்தில் யாஓத்ல் என்று பெயர். கேடயம் சீமல்லி, வாள் மாக்வவித்ல். இரண்டு சொல்லிலும் யாஓத்ல் இல்லையே, எங்கிருந்து வந்தது?

இரண்டு: தெஷ்கோகோ வட்டாரத்து தெப்பெத்லவோஸ்தோக் ஊரின் வெர்காரா ஏட்டில் கண்ணாடிக்கல் (எரிமலைக் கண்ணாடி) கூர்கள், பானை, தண்ணீர் மூன்றும் சேர்ந்த ஒரு பெயர். தொடர்பே இல்லாத மூன்று பொருள்.

மூன்று: நாட்பெயர் (பிறந்த நாளின் பெயரையே ஆளுக்கு வைப்பது) என்றால் எண்ணும் சேர்ந்துதானே வரவேண்டும்? வெஷோட்ஸின்கோவில் எண்ணைக் காணோம்.

எந்த வரிசையில் படிக்கவேண்டும் என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.

---

ஏட்டுச்சுருள் எழுதியது:

முதலில் எழுத்துப்பெயர்ப்பை முடித்துவிடுவோம், இல்லையென்றால் இழை முழுக்க அதிலேயே போய்விடும். த்ல் ஒரே மெய். நாக்கின் இரு பக்கமும் காற்று வழிவதோடு அது முடிகிறது. ட்ஸ், க்வ் இவையும் ஒவ்வொன்றும் ஒரே மெய். ஃ என்று நான் போட்டால் அது தொண்டை அடைப்பு. சொல்லின் நடுவில் வரும் க, ப வல்லோசையோடுதான் ஒலிக்கும், ஆகவே இரட்டித்து எழுதுகிறேன். ஒரு குறி முழுச் சொல்லாக நின்றால் அது சொல்லெழுத்து, [ ] அடைப்பில் போடுவோம். வெறும் ஓசைக்காக நின்றால் ஒலியெழுத்து, / / கோட்டுக்குள் போடுவோம். ஆய்வாளர்கள் இதை லத்தீன் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று பிரிக்கிறார்கள். நம் எழுத்தில் அந்த வசதி இல்லை.

இப்போது வரிசை. பக்கக்குறிப்பை ஒரு தாளால் (திரையில் என்றால் படத்தை வெட்டி) மூடிவிட்டுத் தொடங்குங்கள். இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். குறிப்பைப் பார்த்துவிட்டால் கண் அதைத்தான் படத்தில் தேடும். நான்கு துண்டு இருக்கும் இடத்தில் இரண்டு துண்டுதான் தெரியும், மீதியை அலங்காரம் என்று ஒதுக்கிவிடுவோம். படம் வரைந்த கையும் குறிப்பு எழுதிய கையும் ஒன்றாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

அடுத்து தலையைக் கழித்துவிடுங்கள். தலை படிக்கப்படுவதில்லை, இன்னார் ஆண், பெண், கிழவர் என்று மட்டும் சொல்லும். தெப்பெத்லவோஸ்தோக் ஏடுகளில் கறுப்பாக நிரப்பிய தலை இறந்தவரைக் குறிக்கும். அந்தக் கறுப்பைப் பெயரோடு சேர்த்து 'கறுப்பு' என்று படித்துவிடக்கூடாது. மெஷிக்கா (அஸ்டெக்) அரசர்களின் வரலாறு சொல்லும் மெந்தோசா ஏட்டில் தலையிலிருந்து மெல்லிய கோடு ஒன்று பெயர்க்குறிவரை போகும். அந்தக் கோடும் இணைப்புதான், எழுத்து இல்லை.

தலை போக மிஞ்சியதில் துண்டுகளை எண்ணுங்கள். எது எதைத் தொடுகிறது, எது எதற்குள் நுழைந்திருக்கிறது, எது வேறு நிறத்தில் இருக்கிறது என்று மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நிறமும் ஒரு துண்டாக இருக்கலாம். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்ற நிலையான வரிசை இந்த எழுத்துமுறையில் இல்லை. துண்டுகளை எப்படி அடுக்கினால் நாவாத்ல் சொல் பிறக்கிறதோ அதுதான் வரிசை. ஆகவே மொழி தெரியாமல் குறி மட்டும் தெரிந்து பயனில்லை.

பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் நாவாத்ல் சொல்லை எழுதி, விகுதியை வெட்டுங்கள். உயிருக்குப் பின் -த்ல், மெய்க்குப் பின் -த்லி, ல்-க்குப் பின் -லி, சில சொற்களில் -இன். மரம் + வேர் சேர்ந்தால் மரவேர் ஆகிறதே, அங்கே 'ம்' போவதுபோல இங்கே முதற்சொல்லின் விகுதி போய்விடும்:

ஆத்ல் (தண்ணீர்) → ஆ-
கல்லி (வீடு) → கல்-
க்வாவ்த்லி (கழுகு) → க்வாவ்-
ஸோலின் (காடை) → ஸோல்-

கடைசிச் சொல்லின் விகுதி நிற்கலாம், போகலாம். ஆட்பெயர்களில் அது அடிக்கடி போய்விடுகிறது. மழை கியவித்ல், பெயராக வரும்போது வெறும் கியவ் என்று எழுதியிருப்பதைப் பார்த்துத் திகைக்கவேண்டாம்.

எல்லாம் முடிந்தபின்தான் தாளை எடுத்துக் குறிப்போடு ஒப்பிடவேண்டும். பொருந்தாவிட்டால் உங்கள் வாசிப்பை அழிக்காதீர்கள், இரண்டையும் எழுதி வையுங்கள்.

யாஓத்ல் கேள்விக்கு: கேடயமும் வாளும் தனித்தனி இரண்டு துண்டு அல்ல, சேர்ந்து ஒரே சொல்லெழுத்து. யாஓத்ல் என்றால் பகைவன். யாஓ- என்ற அடிச்சொல் போரைக் குறிக்கும். கேடயம்+வாள் என்ற இணை [யாஓ]. தனிக் கேடயம் வந்தால் [சீமல்]. துண்டு எண்ணும்போது வழக்கமாகச் சேர்ந்தே வரும் இணைகளை ஒன்றாக எண்ணவேண்டும், அது பழகப் பழகத்தான் வரும்.

---

நாரை எழுதியது:

இரண்டாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். இந்தத் துறை தொடங்கியதே அந்தக் குறியில் என்று சொல்லலாம். 19-ஆம் நூற்றாண்டில் ஒபென் என்ற பிரெஞ்சுக்காரர் இதைக் காட்டித்தான், நாவாத்ல் எழுத்தில் ஒலியெழுத்து உண்டு என்று வாதிட்டார்.

கண்ணாடிக்கல் இட்ஸ்த்லி, விகுதி போனால் [இட்ஸ்]. பானை கோமித்ல், அதிலிருந்து /கோ/. தண்ணீர் ஆத்ல், அதிலிருந்து /ஆ/. கூட்டினால் இட்ஸ்-கோ-ஆ, அதாவது இட்ஸ்கோஆத்ல். கண்ணாடிக்கல் பாம்பு என்று பொருள். கோஆத்ல் என்றால் பாம்பு, ஆனால் படத்தில் பாம்பே கிடையாது. பானையும் தண்ணீரும் சேர்ந்து 'கோஆ' என்ற ஓசையை மட்டும் தருகின்றன.

1440 வரை ஆண்ட மெஷிக்கா அரசர் இட்ஸ்கோஆத்லின் பெயர் மெந்தோசா ஏட்டில் வேறுமாதிரி இருக்கும். அங்கே ஒரு பாம்பு, உடலிலிருந்து கறுத்த கல்கூர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். [இட்ஸ்]+[கோஆ], இரண்டும் சொல்லெழுத்து. பெயர் ஒன்று, எழுதும் வழி இரண்டு.

ஒலியெழுத்தாக அடிக்கடி வரும் சில: கல் அல்லது உதடு /தெ/, தண்ணீர் /ஆ/, பானை /கோ/, சாலை (ஒஃத்லி) /ஓ/, கொடி /பான்/, பல் /த்லன்/, இடுப்புக்குக் கீழான உடல் /ட்ஸின்/, கை /மா/. ஒபென் காட்டிய இன்னொன்று ஊர்ப்பெயர்: உதடு, சாலை, வீடு, பல். தெ-ஓ-கல்-த்லன், தெஓகல்தித்லான். நடுவில் இருக்கும் 'தி' எழுதப்படவே இல்லை, வாசிப்பவர் போட்டுக்கொள்ளவேண்டும்.

---

வெண்பனை எழுதியது:

நன்றி நாரை. அப்படியானால் பாம்பும் கல்லும் பழைய முறை, பானையும் தண்ணீரும் ஸ்பானியர் வந்தபின் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்ட புது முறை என்று கொள்ளலாமா?

---

மணிமிடறு எழுதியது:

கொள்ளலாம் என்பதே என் கருத்து. ஒலியெழுத்து அடர்த்தியாக வருவதெல்லாம் 1540-க்குப் பிந்திய ஏடுகளில்தான். ஸ்பானியப் பெயர்களை எழுதவேண்டிய நெருக்கடி வந்ததும் அது பெருகியிருக்கிறது. எழுத்தர்கள் வழி கண்டுபிடித்தே ஆகவேண்டும்.

இரண்டு சான்று. ஸ்பானிய அரசரின் முதல் பிரதிநிதி அந்தோனியோ தெ மெந்தோசாவின் பெயருக்கு ஆனைக்கற்றாழையும் (மெத்ல்) வளை தோண்டும் எலியும் (தொஸன்) வரைந்தார்கள். மெ-தொஸா, மெந்தோசா. பாதிரியார்கள் எழுதிவைத்திருக்கும் இன்னொன்று பிரார்த்தனை: லத்தீன் 'பாத்தெர் நோஸ்தெர்' என்பதற்குக் கொடியும் (பான்த்லி) சப்பாத்திக்கள்ளிப் பழமும் (நோச்த்லி). 'ஆமென்' என்பதற்குத் தண்ணீரும் ஆனைக்கற்றாழையும், ஆ-மெ. இவை ஸ்பானியர் காலத்தில் பிறந்த தேவைகள்.

---

நாரை எழுதியது:

தேவை புதிது, ஒத்துக்கொள்கிறேன். கருவி பழையது. மெந்தோசா பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் 'ன்' எங்கே போனது? கோமித்ல் /கோ/ ஆனபோது ஒரு மூக்கொலி போனது, அதேபோலத்தான் இதுவும். நாவாத்லில் அசை இறுதி மூக்கொலி மெலிந்தது, எழுத்தர்கள் அதை எழுதாமல் விடுவது வழக்கம். 'பந்து' என்பதில் வரும் மெல்லோசைத் 'த' போன்ற ஸ்பானிய ஒலிக்குத் தங்கள் மொழியின் வல்லோசைத் 'த'வைப் போட்டார்கள். ஸ்பானிய எழுத்துக்கூட்டலைப் பார்த்துச் செய்திருந்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குறி வந்திருக்கும். இங்கே நடப்பது காதில் விழுந்ததைத் தங்கள் அசைகளில் உடைப்பது.

ஊர்ப்பெயர்களும் இதையே சொல்கின்றன. க்வவ்னாவக் (இன்றைய குவெர்னவாகா) என்றால் மரங்களின் அருகில். குறி ஒரு மரம், அதில் வாய்போல ஒரு திறப்பு, அதிலிருந்து பேச்சுச் சுருள். நாவத்ல் என்றால் தெளிந்த பேச்சு. 'அருகில்' என்ற பொருளுள்ள நாவக் என்பதற்கு அந்த ஓசை நிற்கிறது. ஸ்பானியச் சொல் எதுவும் இதில் இல்லை. அக்கோல்வாக்கான் குறியில் ஒரு கை, அதோடு தண்ணீர். தோள் அக்கோல்லி, அதன் முதல் ஓசை 'அ' என்று நினைவூட்டத் தண்ணீரின் /ஆ/. இப்படித் துணை நிற்கும் எழுத்தை ஒலித்துணை என்கிறோம். அதைத் தனியாகக் கூட்டி 'ஆ-அக்கோல்' என்று இருமுறை படித்துவிடக்கூடாது.

ஆய்வாளர் லக்கடேனா 2008-இல் இந்தக் கேள்வியை வட்டார அடிப்படையில் வைத்தார். தெஷ்கோகோ பகுதி எழுத்தர்கள் ஒலியெழுத்தை விரும்பிக் கையாண்டார்கள், மெஷிக்கா தலைநகரான தெனோச்தித்லான் பகுதியினர் சொல்லெழுத்தை விரும்பினார்கள், ஆக வேறுபாடு காலத்தால் மட்டும் வந்ததல்ல என்பது அவர் வாதம். வெர்காரா ஏடு தெஷ்கோகோ பக்கத்தது என்பதைக் கவனியுங்கள். எனக்கு இது ஏற்புடையதாகவே படுகிறது.

---

மணிமிடறு எழுதியது:

அக்கோல்வாக்கான் நல்ல சான்று, எடுத்துக்கொள்கிறேன். ஆனால் க்வவ்னாவக் வரையப்பட்ட மெந்தோசா ஏடே 1541 அளவில் வந்தது. ஸ்பானியர் வெற்றிக்கு முந்திய கல்லில் ஆட்பெயருக்கு என்ன இருக்கிறது?

---

ஏட்டுச்சுருள் எழுதியது:

தெனோச்தித்லானின் பெரிய கோயில் திறப்பைக் குறிக்கும் கல்லில், 8 நாணல் ஆண்டு (1487), மெஷிக்கா அரசர்கள் தீஸோக்கும் ஆவிட்ஸோத்லும் பெயர்க்குறிகளோடு நிற்கிறார்கள். ஆவிட்ஸோத்ல் ஒரு நீர்விலங்கின் பெயர். அந்தப் பெயர்க்குறியில் விலங்கோடு தண்ணீரும் வரும். அது விலங்கு வாழும் இடத்தைக் காட்டுகிறதா, /ஆ/ என்று முதல் ஓசையைக் காட்டுகிறதா? இரண்டையும் ஒரே கோட்டில் காட்டுகிறது. எழுத்தர் விரும்பியே அப்படிச் செய்தார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இதற்குப் பக்கத்தில் ஆஷாயக்கத்ல் என்ற அரசரின் பெயரை வைத்துப் பாருங்கள். மெந்தோசா ஏட்டில் ஒரு மனித முகம், அதன்மேல் தண்ணீர் வழிகிறது. ஆ + ஷாயக்கத்ல் (முகம்). உடனே 'தண்ணீர்முகத்தான்' என்று மொழிபெயர்த்துப் பல இடங்களில் போட்டுவிட்டார்கள். ஆனால் ஆஷாயக்கத்ல் என்பது மெக்சிகோ ஏரியில் வாழும் ஒரு நீர்ப்பூச்சியின் பெயர். அதன் முட்டையையும் அங்கே உணவாக எடுத்தார்கள். குறியில் பூச்சி கிடையாது. ஓசையைத் தரும் இரண்டு பொருள்களை வரைந்திருக்கிறார், அவ்வளவுதான். ஆகவே 'படத்தில் இருப்பது = பெயரின் பொருள்' என்ற சமன்பாட்டை ஆட்பெயரில் எங்கும் போடாதீர்கள். வாசிப்பு ஒரு பத்தியில், பொருள் வேறு பத்தியில் எழுதுங்கள்.

இன்னொரு எல்லை: பெயர் முழுதாக எழுதப்படவேண்டும் என்ற விதியும் கிடையாது. மொதேக்வ்ஸோமா, 'தலைவனைப்போலச் சினந்து நோக்குகிறான்', மெந்தோசா ஏட்டில் பிரபுக்களின் கூர்ந்த நீலத் தலையணி மட்டும்தான். அது [தேக்வ்], தலைவன். 'மொ'வும் இல்லை, 'ஸோமா'வும் இல்லை. இந்தப் பெயரில் இரண்டு அரசர்கள்; மூத்தவருக்கும் இளையவருக்கும் அதே குறி; ஆட்சி வரிசை பார்த்துத்தான் பிரிக்கமுடியும். மூத்தவருக்கு இல்வீக்கமீனா என்ற பெயரும் உண்டு. வேறு ஏடுகளில் வானப் பட்டையை அம்பு துளைப்பதாக வரைந்து அதை எழுதினார்கள்.

---

தாழம்பூ எழுதியது:

வாசிப்பில் தவறுவது பெரும்பாலும் இலக்கணத்தில் இல்லை, பொருளை அடையாளம் காண்பதில்தான். நான்கு பொருள் மாறிமாறிக் குழப்பும். அவற்றை உருப்பெருக்கிப் பார்க்கவேண்டும்.

கல் (தெத்ல்): நீள்வட்டம், குறுக்கே சாய்ந்த பட்டைகள், இரு முனையிலும் சுருண்ட நுனி. பட்டை இல்லாமல் வெறும் வட்டமாக இருந்தால் கல் என்று முடிவு செய்யாதீர்கள்.

சக்கிமுக்கிக்கல் கத்தி (தெக்பத்ல்): இருபுறமும் கூர்த்த இலை வடிவம், வண்ணம் தீட்டியிருந்தால் ஒரு பாதி சிவப்பு, மறுபாதி வெள்ளை. சிலவற்றில் பல்லும் கண்ணும் போட்டு முகமாக்கியிருப்பார்கள். பல்லைக் கண்டதும் /த்லன்/ என்று எடுத்தால் பெயர் கெட்டுவிடும்.

கண்ணாடிக்கல் (இட்ஸ்த்லி): கறுப்பு, கூர்கள் ஒரு விளிம்பில் வரிசையாக நீட்டும். தனியாக நிற்பதைவிட வேறொன்றின் உடலில் ஒட்டிக்கொண்டு வருவதே அதிகம்.

தண்ணீர் (ஆத்ல்): ஓடும் பட்டை, உள்ளே நீளக் கோடுகள், கிளைகளின் நுனியில் ஒரு துளி, ஒரு சிப்பி என்று மாறிமாறி. 1560 ஏட்டில் அவசரக் கையால் சிப்பிகள் வெறும் வளையமாகிவிடும். அப்போது துளி-வளையம்-துளி என்ற மாற்றத்தைப் பார்த்தே தண்ணீர் என்று சொல்லமுடியும்.

பறவைகளில் கழுகுக்கும் அரசப் பிணந்தின்னிக்கும் தலைதான் வேறுபாடு. கழுகுக்குப் பிடரியில் இறகு சிலிர்த்து நிற்கும். பிணந்தின்னிக்குத் தலை மொட்டை, பல இடங்களில் காதணி இருக்கும். பெயர்களோ க்வாவ்த்லி, கோஸ்கக்வாவ்த்லி, ஒன்றுக்குள் மற்றொன்று. குறிப்பில் முதற்பாதி மைபரவி அழிந்திருந்தால் தலை இறகைப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

கழுகு க்வாவ்- (நெடில்), மரம் க்வவ்- (குறில்). எழுத்து நெடில் குறிலைக் காட்டாது. புள்ளியில்லாத ஓலைச்சுவடியில் எ, ஏ பிரியாமல் கிடப்பதைப் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதில்லை. கழுகுத் தலையைப் பார்த்தால் [க்வாவ்] என்று எழுதி, மரமாகவும் இருக்கலாம் என்று ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

பாதச்சுவடு தனி ஆபத்து. சாலை என்றால் ஒஃத்லி, /ஓ/. அசைவு என்றால் வினைச்சொல். திசையைப் பார்க்கவேண்டும்: சுவடுகள் கீழ்நோக்கிப் போனால் தெமோ, இறங்குதல். க்வாவ்தெமோக்: கழுகு, கீழிறங்கும் சுவடுகள், 'இறங்கிய கழுகு'. படத்தைத் திருப்பிவைத்து வெட்டினால் இறங்குவது ஏறுவதாகிவிடும். ஆகவே வெட்டிய படத்தில் எது மேல்பக்கம் என்று அம்புக்குறி போட்டே சேமியுங்கள்.

மூன்றாவது கேள்வி இன்னும் நிற்கிறது. நாட்காட்டி 20 நாட்குறி × 13 எண், 260 நாள். பழைய முறையில் இரண்டும் சேர்ந்ததுதான் பெயர்: 1539-இல் எரித்துக் கொல்லப்பட்ட தெஷ்கோகோ பிரபு தோன் கார்லோஸ் ஓமெதோச்ட்ஸின் பெயரில் ஓமெ (2), தோச்- (முயல்), -ட்ஸின் (மரியாதை விகுதி) என்று மூன்றும் இருக்கின்றன. வெஷோட்ஸின்கோவில் பெரும்பாலும் எண் விட்டுப்போய் நாட்குறி மட்டும் நிற்கிறது. இதனால் வரும் இடர்: முயல் என்று எழுதியிருந்தால் அது பிறந்த நாளா, வெறும் பட்டப்பெயரா? இருபதில் ஒன்றா என்று பாருங்கள். முயல், மான், பாம்பு, நாய், ஜாகுவார், கழுகு இருபதில் உண்டு. காடை (ஸோலின்) இல்லை, ஆகவே காடையை நாட்பெயர்ப் பத்தியில் போடக்கூடாது.

---

புதுச்சுனை எழுதியது:

இவ்வளவு தெளிவாக ஓசை வழி படிக்கமுடிகிறதென்றால் சிந்துவெளி முத்திரைகளிலும் மீன், நாண்மீன் என்று இதே வழியில் போகலாமே? முறை ஒன்றுதானே?

---

ஏட்டுச்சுருள் எழுதியது:

ஒன்றல்ல. நாவாத்ல் இன்றும் பேசப்படும் மொழி. மொலீனா என்ற பாதிரியாரின் நாவாத்ல்-ஸ்பானிய அகராதி 1571-இல் அச்சானது. வெஷோட்ஸின்கோ ஏட்டில் ஒவ்வொரு குறிக்கும் பக்கத்தில் அதே காலத்து வாசிப்பு எழுதியிருக்கிறது. தவறாகப் படித்தால் அடுத்த நிமிடமே தெரிந்துவிடும். சிந்துவெளியில் தவறைப் பிடிக்க இப்படி ஒன்றும் இல்லை. தனி இழையில் பேசலாம், இங்கே வேண்டாம்.

---

நாரை எழுதியது:

பக்கக்குறிப்பைப் படிப்பதற்கும் பழக்கம் வேண்டும். அதையும் சேர்த்துவிடுகிறேன், ஏனெனில் வாசிப்பு சரியாக இருந்தும் குறிப்பைத் தப்பாகப் படித்ததால் 'பொருந்தவில்லை' என்று எழுதிவிடுகிறோம்.

முதற்பாதி கிறிஸ்தவப் பெயர், சுருக்கெழுத்தில். பி எழுத்தும் மேலே சிறு ஓ-வும் பெத்ரோ. டி, ஜி, மேலே ஓ என்றால் தொமிங்கோ. ஏ, எல், மேலே ஓ என்றால் அலோன்சோ. இரண்டாம் பாதிதான் குறியோடு ஒப்பிடவேண்டியது.

உயிரெழுத்தின் மேல் ஒரு கோடு இருந்தால் அடுத்து ன் அல்லது ம் விடுபட்டிருக்கிறது. வால் போட்ட சி எழுத்து ஸ. எக்ஸ் எழுத்து ஷ. வி-யும் யு-வும் இடம் மாறும், இரண்டும் 'வ்' ஆகலாம். ஓ-வும் யு-வும் ஒன்றுக்கொன்று வரும். தொண்டை அடைப்பை அநேகமாக எழுதவே மாட்டார்கள். சொற்களுக்கு நடுவே இடைவெளியை நம்பாதீர்கள்.

கிறிஸ்தவப் பெயரும் சில நேரம் நாவாத்ல் வாயில் புகுந்து வெளிவந்த வடிவில் இருக்கும். அந்த மொழியில் ர இல்லை, ஸ்பானிய மெல்லோசைத் 'த'வும் எஃப் ஒலியும் இல்லை, அசை முதலில் இரண்டு மெய் சேர்ந்து வராது. பெத்ரோ அங்கே பெத்தோலோ. நாம் அதே பெயரைப் பேதுரு ஆக்கியபோது மெய்க்கு நடுவில் உயிரை நுழைத்தோமே, அதே வேலை. குறி ஸ்பானியப் பெயரை எழுதுகிறது என்று சந்தேகம் வந்தால் முதலில் பெயரை இப்படி நாவாத்ல் வாய்க்கு மாற்றிக்கொண்டு, பிறகு துண்டுகளோடு ஒப்பிடுங்கள்.

ஒரு வழக்கு ஓசையே இல்லாமல் வரும். ஸ்பானியப் படைத்தலைவர் பெத்ரோ தெ அல்வராதோவை மக்கள் தொனாத்தியு, சூரியன், என்று அழைத்தார்கள். தெல்லெரியானோ ஏட்டில் அவரருகே சூரியனை வரைந்திருக்கிறது. பெத்ரோவுக்கும் அல்வராதோவுக்கும் அதில் ஓசைப் பொருத்தம் தேடி அலையவேண்டாம்.

---

வெண்பனை எழுதியது:

முறையை மெந்தோசா ஏட்டின் அரசர் பெயர்களில் குறிப்பை மூடி முயன்றேன். திருத்துங்கள்.

அ. கை ஒன்று அம்புக் கட்டைப் பிடித்திருக்கிறது. கை /மா/, அம்பு மீத்ல். மா-மீ? பெயராக ஒன்றும் வரவில்லை.

ஆ. ரீங்காரச்சிட்டின் தலை, சுற்றிலும் வெள்ளை உருண்டைகள். உருண்டைகளை எண்ணாக எடுத்து, எண்+ரீங்காரச்சிட்டு என்று படித்தேன். நாட்பெயர்?

இ. கேடயம், அதன் விளிம்பிலிருந்து சுருள்கள். [சீமல்] + பேச்சு?

ஈ. நீலக் கட்டத்துக்குள் வீட்டுக்குறி, இரண்டு புள்ளி. ஓமெ கல்லி என்ற ஆள்.

---

தாழம்பூ எழுதியது:

துண்டு பிரித்தது நான்கிலும் சரி. பொருள் அடையாளம் மூன்றில் தவறியிருக்கிறது.

அ. அம்பில்லை, நாணல் (ஆக்கத்ல்). நாணலை அம்புத்தண்டுபோலவே வரைவார்கள், அம்புத்தண்டு நாணலில்தான் செய்தது. நுனியில் கல்முனை இருக்கிறதா என்று பாருங்கள். கையும் வெறும் கை அல்ல, மூடிப் பிடித்த கை, மாப்பீச்த்லி, கைப்பிடி. ஆக்கமாப்பீச்த்லி. எழுத்தர் கையின் விரல்களை மடக்கி வரைந்ததற்குக் காரணம் உண்டு. கை திறந்திருந்தால் /மா/, மடங்கியிருந்தால் [மாப்பீச்].

ஆ. உருண்டை எண் அல்ல, தூவி (இவித்ல்). எண்ணுக்கான வட்டத்தின் விளிம்பு தெளிவாக இருக்கும், வரிசையாகவும் நிற்கும். தூவியின் விளிம்பு பிசிறும், உருவத்தைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும். வீட்ஸிலிவித்ல், ரீங்காரச்சிட்டின் தூவி. அந்தப் பறவை இருபது நாட்குறியில் இல்லை என்பதே உங்களை நிறுத்தியிருக்கவேண்டும்.

இ. சுருள் புகை. சீமல்பொப்போக்கா, புகையும் கேடயம். பேச்சுச் சுருள் வாயின் எதிரே நிற்கும். கேடயத்துக்கு வாயில்லை, பல பக்கமும் கிளம்பினால் அது புகை.

---

ஏட்டுச்சுருள் எழுதியது:

ஈ-யை நான் சொல்கிறேன். நீலக் கட்டம் ஆண்டு. ஆண்டின் பெயரில் முயல், நாணல், கத்தி, வீடு என்ற நான்கு குறிதான் வரும், 13 எண்ணோடு சுழன்று 52 ஆண்டில் ஒரு சுற்று. கட்டம் இருந்தால் ஆள் இல்லை. கட்டம் இல்லாமல், ஒரு தலையோடு தொடர்பாக வந்தால் மட்டும் ஆட்பெயர்.

பதிவேட்டுக்கு இந்தப் பத்திகளை வைத்துக்கொள்ளுங்கள்: ஏடும் பக்கமும், துண்டுகள் (நாம் பார்த்தது, தமிழில்), ஒவ்வொன்றின் நாவாத்ல் சொல், எழுத்துப்பெயர்ப்பு [ ] / / குறியோடு, வாசிப்பு, பக்கக்குறிப்பு எழுத்துக்கு எழுத்து, குறிப்பின் சீர்செய்த வடிவம், பொருள், பொருந்துகிறதா. 'துண்டுகள்' பத்தியை நிரப்பியபின் திருத்தவே கூடாது. திருத்தம் வந்தால் புது வரி சேருங்கள், பழையதை அடித்துவிடாதீர்கள். இட்ஸ்கோஆத்லுக்கு இப்படி வரும்:

துண்டுகள்: கல்கூர்கள், பானை, தண்ணீர்
சொற்கள்: இட்ஸ்த்லி, கோமித்ல், ஆத்ல்
எழுத்துப்பெயர்ப்பு: [இட்ஸ்] /கோ/ /ஆ/
வாசிப்பு: இட்ஸ்கோஆ(த்ல்)
பொருள்: கண்ணாடிக்கல் பாம்பு (பாம்பு வரையப்படவில்லை)

விகுதியை எப்போதும் வளைவு அடைப்பில் போடுங்கள். எழுதப்பட்டது எது, நாம் சேர்த்தது எது என்று அடுத்து படிப்பவருக்குத் தெரியவேண்டும்.

---

மணிமிடறு எழுதியது:

அந்தப் பட்டியலில் ஒரு பத்தி சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்: தொழில். வெஷோட்ஸின்கோ ஏட்டில் கைவினைஞர்கள் தனியாகக் காட்டப்படுகிறார்கள், தச்சருக்குக் கோடாரி மாதிரித் தொழிற்கருவி வரும். கருவியைப் பெயரோடு கூட்டினால் எந்த அகராதியிலும் இல்லாத சொல் ஒன்று பிறக்கும், அதற்கும் யாராவது பொருள் சொல்லிவிடுவார்கள். ஒரே கருவி பக்கத்துத் தலைகள் பலவற்றிலும் திரும்பத் திரும்ப வந்தால் அது பெயர் இல்லை.

---

வெண்பனை எழுதியது:

பத்தி சேர்த்துவிட்டேன். கேடயம்-வாள் இணையையும் அதே சோதனைக்கு உட்படுத்திப் பார்த்தேன்: அடுத்தடுத்த தலைகளில் தொடர்ந்து வரவில்லை, வந்த இடத்திலெல்லாம் குறிப்பில் யாஓத்ல் என்றே இருக்கிறது. ஆகவே பெயர் என்றே பதிகிறேன், [யாஓ](த்ல்).

---

நாரை எழுதியது:

சரி. ஒரு சின்னத் திருத்தம்: வாளின் விளிம்பில் இருக்கும் கறுப்புப் பற்கள் கண்ணாடிக்கல்தான், ஆனால் அங்கே அவை வாளின் உறுப்பு. 'துண்டுகள்' பத்தியில் [இட்ஸ்] என்று தனியாக ஏற்றியிருந்தால் புது வரியில் நீக்கம் குறித்துவிடுங்கள்.